கலிந்தோவின் விதவை

…வெள்ளிக்கிழமையென்றால் மீன், மீன் கிடைக்காவிட்டால் கொண்டைக்கடலையும் கீரையும், பன்றி அடிப்பது புனித மார்ட்டின் திருநாளுக்கு, உப்பு மலைக்கு அந்தப்புறமிருந்து கழுதைமேல் வரும், கழுதைக்காரன் பெயர் வேண்டுமா, யாராவது கழுதைக்காரன் பெயரையெல்லாம் கேட்பார்களா, ஆறு மணித் தேர்வில் பிராக்ஸெதெஸ் கேட்பாள், அவள் கேட்கக்கூடியவள்தான், சரி, கழுதைக்காரன் பெயர் ஃபோர்த்தூன், கழுதைக்குப் பெயர் கிடையாது… வாயில் நான்கு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு யோசிப்பது நன்றாகத்தான் இருக்கிறது, பேச முடியாது, பேச முடியாதபோது மனசு தனியாக எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுகிறது. கண்ணாடியில் கழுத்துக்குக் கீழே தோதா தயாராகிவிட்டாள். சாயமிடாத பழுப்புக் கம்பளி அங்கி, இடப்பக்கம் அக்குளிலிருந்து இடுப்புவரை கயிறு கோத்து இறுக்கியது, நாற்பத்திரண்டு துளை, ஒவ்வொன்றையும் கையால் சுற்றித் தைத்தேன். தலை மட்டும் இன்னும் என்னுடையது, ஒரோசியாவினுடையது, நாற்பத்தாறு வயது, முடியின் வேரில் நரை, அல்பார்சேனா நகராட்சிக்கு வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்ப்பவள். ஆறு மணிக்குள் தலையும் தோதாவாகிவிட வேண்டும். இப்போதுதான் கோவிலில் நாலரை அடித்தது. நேரம் இருக்கிறது. எவ்வளவு காலமாயிற்று நேரம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றி…

தேறாவிட்டால்? தேறாவிட்டால் இன்னொரு வருஷம் தண்ணீர்க்குடம். பழங்கால வேஷம் போடுகிற எங்கள் குழுவில் அப்படித்தான், திருவிழா மூன்று நாளும் இந்த ஊர் ஆயிரத்து இருநூற்று நாற்பத்தெட்டாம் வருஷத்தில் இருக்கும், புதிதாக வருகிறவர்களுக்கு முதல் வருஷம் பெயர் கிடையாது, பெயரில்லாதவர்கள் வேஷம் போட்டுத் தெருவில் இறங்கினால் வாய் திறக்கக்கூடாது, குடம் சுமக்கலாம், விறகு அடுக்கலாம், ஊர்வலத்தின் கடைசியில் நடக்கலாம், அவ்வளவுதான். போன வருஷம் மூன்று நாள் நான் பேசவில்லை. சீமாட்டிகள் என்னிடம் வெந்நீர் கேட்டார்கள், தலையை ஆட்டிக் கொடுத்தேன். ஒரு வருஷம் முடிந்ததும் மதிலின் ரொட்டி வாசலில் போய் நிற்க வேண்டும், பழைய ஆட்கள் மூன்று பேர் பெஞ்சில் உட்கார்ந்து ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள், என்ன கேள்வி என்று யாருக்கும் தெரியாது, அந்தக் காலத்தை விட்டுக் கால் வெளியே வைக்காமல் பதில் சொன்னால் வாசல் திறக்கும், நாம் தேர்ந்தெடுத்த அந்தக் காலத்துப் பெயரைச் சத்தமாகக் கூவுவார்கள், இல்லாவிட்டால் மறுபடியும் குடம். போன வருஷம் பள்ளிக்கூட வாத்தியார் ஒருவர், ஆறு மாதம் படித்து வந்தவர், அரசர்களின் வரிசையெல்லாம் தலைகீழாகத் தெரியும், "காலைல என்ன சாப்பிட்ட?" என்று கேட்டதும் சிரித்த முகத்தோடு "தக்காளி தேச்ச ரொட்டி" என்றார்… வாசலில் இருநூறு பேர் ஒரே நேரத்தில் ஐயோ என்றார்கள். தக்காளி வர இன்னும் முந்நூறு வருஷம் இருந்தது. இன்றைக்கு அதற்காகவே காலையில் ரொட்டி, பாலாடைக்கட்டி, வெங்காயம் மட்டும் சாப்பிட்டேன், பொய் சொல்வதைவிடச் சாப்பிட்டுவிடுவது சுலபம்.

தோதாவை நான் புத்தகத்திலிருந்து எடுக்கவில்லை, புத்தகம் அப்புறம்தான் வந்தது, அவள் நிலவறைகளில் கிடைத்தாள். பழைய ஊரில் மீட்டர்கள் எல்லாம் வீட்டுக்குக் கீழே நிலவறையில்தான் இருக்கின்றன, மேலே டைல்ஸும் தொலைக்காட்சியும் வைத்திருப்பார்கள், பத்துப் படி கீழே இறங்கினால் எழுநூறு வருஷத்துக் கல் வளைவு, ஜூலையிலும் குளிரும், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு குந்தி உட்கார்ந்து எண்ணைக் குறித்துக்கொள்வேன், அப்புறம் ஒரு நிமிஷம் டார்ச்சை அணைத்துவிட்டு அப்படியே இருப்பேன், யாருக்கும் தெரியாது, மேலே வீட்டுக்காரம்மா "ஒரோசியா, கெடச்சுதா?" என்று கத்துவாள், "எழுத்து மங்கலா இருக்கு!" என்பேன். சாயக்காரர் தெருவில் அந்த வக்கீல் வீட்டு நிலவறையில்தான் முதலில் ஒருத்தி எனக்குப் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தாள். அவளுக்கும் முட்டி வலித்தது. அவளுக்கு ஒரு புருஷன் இருந்தான், ஆற்றங்கரையில் கம்பளித் துணி அடிக்கும் நீராலையில் வேலை, துணியை மூத்திரத்தில் ஊறவைத்துச் சுத்தியலால் அடிப்பார்கள், சாயங்காலம் அவன் வரும்போது தெருமுனையிலேயே வாசனை வந்துவிடும், தோதா அவனை வாசலிலேயே நிறுத்திச் சட்டையைக் கழற்றச் சொல்வாள், ஒவ்வொரு நாளும் அதே சண்டை, ஒவ்வொரு நாளும் அவன் சட்டையைக் கழற்றி அவள் தலைமேல் போட்டுவிட்டு உள்ளே ஓடுவான்… இதெல்லாம் தோதாவின் வரலாறென்று குழுவுக்கு எழுதிக் கொடுத்த பதினோரு பக்கத்தில் இருக்கிறதா, இல்லை, பதினோரு பக்கத்தில் எத்தனை ஆடு, எத்தனை முழம் துணி, எந்தப் புனிதருக்கு நேர்த்திக்கடன் என்பதுதான் இருக்கிறது. கலிந்தோவுக்கு ஒன்றரை வரி. நீராலைத் தொழிலாளி, மார்ச் மாத வெள்ளத்தில் இறந்தான். அவன் செத்தபிறகு அந்தச் சட்டையைத் தோதா துவைக்கவேயில்லை என்று நான் எங்கேயும் எழுதவில்லை. எழுதியிருந்தால் பிராக்ஸெதெஸ் ஓரத்தில் சிவப்பு மையால் ஆதாரம் எங்கே என்று கேட்டிருப்பாள்.

அவனை ஏன் சாகடித்தேன்? தலைக்காகத்தான். குழுவின் உடைப் பொறுப்பு பிராக்ஸெதெஸ், பத்திரப்பதிவு அலுவலகத்தில் முப்பது வருஷம் இருந்தவள், அங்கியின் ஓரத்தைத் திருப்பி உள்தையலைப் பூதக்கண்ணாடியால் பார்ப்பாள், மெஷின் தையல் ஒரு விரற்கடை தெரிந்தாலும் பிரித்துத் தை என்பாள், நான் இரண்டு முறை பிரித்தேன். ஜனவரியில் என்னை எதிரே உட்காரவைத்துச் சொன்னாள், "இங்க பாரும்மா, அந்தக் காலத்துப் பொம்பளைக்கு மூணு தலைதான். கல்யாணம் ஆகாதவ முடிய விரிச்சுப் போடுவா. ஆனவ மூடுவா. அறுத்தவ தாடையோட சேத்துக் கட்டுவா. உனக்கு எது?" நான் விவாகரத்து ஆனவள் என்றேன். "அப்படி ஒரு தலை கெடையாது" என்றாள். பக்கத்தில் கஞ்சிப்பானையைத் துடைத்துக்கொண்டிருந்த மாரிவி, அவள்தான் என்னைக் குழுவில் இழுத்துவிட்டவள், சும்மா இருப்பாளா, "பாதிரியார் வச்சிருந்தவளா போயிடேன்டி, அவளுங்களுக்குன்னு தலையில தனியா சிவப்புத் துணி உண்டு, உன் நிறத்துக்கு எடுப்பா இருக்கும்" என்றாள். பிராக்ஸெதெஸ் தலையைத் தூக்காமலே, "அந்தச் சட்டம் வர்றதுக்கு இன்னும் நூறு வருஷத்துக்கு மேல ஆகும்" என்றாள். மூன்று பேரும் சிரித்தோம். விரித்த தலைக்கு நரை ஒத்துவராது, மூடின தலையென்றால் புருஷன் எங்கே என்று கேட்பார்கள், ஆகையால் தாடைவரை கட்டுகிற தலை. அவ்வளவு சாதாரணமாகத்தான் ஒருவனை ஆற்றில் விட்டேன். மூன்று முழ லினன் துணி, நெற்றியில் ஒரு பட்டை, தாடைக்கு அடியில் ஒரு பட்டை, காதுகள் மறைந்துவிடும், உலகம் கொஞ்சம் தூரமாகப் போய்விடும்… இப்போதும் பார், தாடைப்பட்டையை இறுக்கியதும் தெருச் சத்தம் அடங்கிவிட்டது. இந்த அமைதி எனக்குப் பிடித்திருக்கிறது. அதை வெளியே சொன்னால் தப்பாக எடுத்துக்கொள்வார்கள்.

தப்பாகத்தான் ஏற்கெனவே போய்விட்டதே, வியாழக்கிழமை. மருத்துவ அட்டையைப் புதுப்பிக்கப் போனேன், வரிசையில் நின்றபடி மனசுக்குள் தோதாவை ஒப்பித்துக்கொண்டிருந்தேன், எட்டு மாதமாக எந்த வரிசையில் நின்றாலும் அதைத்தான் செய்கிறேன், கவுன்ட்டரில் புதுப் பெண், வெளியூர்க்காரி, கணினியைப் பார்த்தபடி பெயர் கேட்டாள், சொன்னேன், பிறந்த தேதி, சொன்னேன், "கல்யாணம் ஆயிடுச்சா, தனியா?" என்றாள், நான் தெளிவாக, சத்தமாக, "விதவை" என்றேன். அவள் கை நின்றது. "ஐயோ, எப்போங்க?" "மார்ச்சுல. ஆத்துல வெள்ளம் வந்தப்போ." அதையும் சொன்னேன்! அந்தப் பெண்ணின் கண் கலங்கிவிட்டது, எழுந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள், அப்போதுதான் எனக்குப் பின்னால் யாரோ குதிரை மாதிரி கனைத்துச் சிரிப்பது கேட்டது. வரிசையில் ஆறு பேர், ஆறு பேருக்கும் எனக்குப் புருஷனாக இருந்த எலாடியோவைத் தெரியும், ரவுண்டானாவில் டயர் கடை வைத்திருக்கிற எலாடியோவை யாருக்குத் தெரியாது, அன்று காலையில்தான் அந்த ஆறு பேரில் ஒருவரின் டிராக்டருக்குக் காற்றடித்துக் கொடுத்திருக்கிறான். மத்தியானத்துக்குள் கடைக்கு ஒருவர் மெழுகுவத்தி கொண்டுபோயிருக்கிறார், இன்னொருவர் தொப்பியைக் கழற்றிக் காற்றடிக்கும் இயந்திரத்தின் முன் முழங்காலிட்டிருக்கிறார்.

அன்று சாயங்காலம் அவனே கூப்பிட்டான். எத்தனை மாதத்துக்கு அப்புறம்? "ஒரோ, நான் செத்துட்டேனாமே?" என்றான். நான் சோபாவில் மடியில் துணியோடு உட்கார்ந்திருந்தேன், எங்கே ஒளிவது என்று தெரியவில்லை. "வாய் தவறிடுச்சு." "தவறட்டும். எப்படிச் செத்தேன்னு சொல்லு, கேக்கறவங்களுக்குப் பதில் சொல்லணுமில்ல." "ஆத்துல." "எனக்குத்தான் நீச்சல் தெரியுமே." "அவனுக்குத் தெரியாது." "எவனுக்கு?" "கலிந்தோவுக்கு. தோதாவோட வீட்டுக்காரன். அது நீ இல்ல, எலாடியோ. உனக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல." அந்தப்பக்கம் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவைக் குறைத்தான். "நல்லவனா?" என்றான். நான் ஆமாம் என்றேன். யோசிக்காமல் சொன்னேன். "சரி, சனிக்கிழமை வரேன். என் அடக்கப் பூசைக்கு நானே வரலேன்னா நல்லா இருக்காது" என்று சிரித்து வைத்துவிட்டான். அவன் சிரிப்பு அப்படியேதான் இருந்தது. எங்களுக்குள் சண்டை கிடையாது, அடி உதை கிடையாது, வேறு பெண் கிடையாது, பதினான்கு வருஷம் ஒரே மேஜையில் சாப்பிட்டோம், ஒருநாள் பார்த்தால் பேச எதுவுமில்லை, கையெழுத்துப் போட்டோம். யாருமே தப்பு செய்யவில்லை, அதுதான் ஊருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். அது இருக்கட்டும்… ஆனால் கலிந்தோ எலாடியோ இல்லை, அதில் சந்தேகமே வேண்டாம், எலாடியோ சட்டையை என் தலையில் போட்டவன் இல்லை, எலாடியோ சட்டையை மடித்துக் கூடையில் போடுகிறவன்.

மாரிவி கதவைத் தட்டாமல் வந்தாள், அவள் ஏற்கெனவே பெயருள்ளவள், திருவிழாவில் ரொட்டிக்காரி ஹிமேனா, மாவு பூசிய கைகளோடு, வந்ததும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அலறினாள், "அடியே, இது என்ன!" கடிகாரம் கட்டிய இடத்தில் வெள்ளைப் பட்டை. ஜூன் மாதத்திலிருந்தே கடிகாரத்தைக் கழற்றிவிட்டுத்தான் வெயிலில் அலைகிறேன், இன்னும் முழுதாக மறையவில்லை. அவள் சமையலறைக்குப் போய் ஈரமான காப்பித்தூளைக் கொண்டுவந்து தேய்த்தாள். "காப்பி அந்தக் காலத்துல இல்லடி" என்றேன். "குடிச்சாத்தான் தப்பு. தோல்ல கெடக்கறத யாரு மோந்து பாக்கப்போறா?" "பிராக்ஸெதெஸ் பாப்பா." "பாத்தா பாக்கட்டும், வெந்த வால்நட் ஓடுன்னு சொல்லு." அப்புறம் என்னைத் தோளைப் பிடித்துத் திருப்பி, முக்காட்டின் பின்பக்கம் சரிசெய்து, சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள். சிரிக்கவில்லை. "என்னடி?" என்றேன். "ஒண்ணுமில்ல. நெசமாவே யாரோ செத்த மாதிரி இருக்கு" என்றாள்.

தெருவில் இறங்கியதும் மெல்லிய தோல் செருப்புக்கு அடியில் ஒவ்வொரு கல்லும் தெரிந்தது, இந்தத் தெருவில் இருபது வருஷமாக ரப்பர் செருப்போடு நடந்திருக்கிறேன், கல் இவ்வளவு வட்டமானது என்று தெரியாது. மேலே பால்கனிகளிலிருந்து சிவப்பு மஞ்சள் துணிகள் தொங்கின, வறுத்த பன்றியின் வாசனை, முழவுச் சத்தம், மீட்டர் பார்க்கிற வீடுகள் எல்லாவற்றிலிருந்தும் பெண்கள் எட்டிப்பார்த்தார்கள், "ஒரோசியா, பூசை எத்தன மணிக்கு?" என்று ஒருத்தி கத்தினாள், பதில் சொல்லவில்லை, நான் இன்னும் பெயரில்லாதவள், வாய் திறக்கக்கூடாது, எவ்வளவு வசதி! செப்டம்பர் வெயில் முதுகில் கம்பளியின் வழியாக மெதுவாக இறங்கியது. நான் சந்தோஷமாக இருக்கிறேன், என்று தோன்றியது. இந்த நிமிஷம், இந்த அங்கிக்குள், பிறர் என்ன நினைப்பார்கள் என்பது லினன் துணிக்கு அந்தப்பக்கம் நின்றுவிட, நான் சந்தோஷமாகவே இருக்கிறேன். விதவைக்கு இது சரியா? தோதாவும் இப்படி ஒரு சாயங்காலம் நடந்திருப்பாள், அவன் போய் ஆறு மாதம் கழித்து, வெயில் முதுகில் பட, திடீரென்று தான் சந்தோஷமாக இருப்பதைக் கண்டு திடுக்கிட்டு நின்றிருப்பாள்…

ரொட்டி வாசலின் இரண்டு கதவும் சாத்தியிருந்தன, முன்னால் பெஞ்சு, அதில் மூன்று பேர், நடுவில் பிராக்ஸெதெஸ் கறுப்பு அங்கியில், இருபுறமும் மருந்துக்கடை நிக்காசியோவும், கல்தச்சர் வேஷத்தில் ஒரு ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநரும். கூட்டம் கயிற்றுக்கு அந்தப்பக்கம். எலாடியோ வந்திருந்தான், சலவைச் சட்டை போட்டு, தலையில் டயர் கடைத் தொப்பியோடு, யாரோ அவன் முதுகில் தட்டி "பொணம் எழுந்து வந்துடுச்சு" என்றார்கள், சிரிப்பு எழுந்தது, அவனும் சிரித்தான். நிக்காசியோ கை தூக்கினார், அடங்கியது. "யாரும்மா நீ?" "தோதா. கலிந்தோவோட விதவை." ஒரு வருஷத்துக்குப் பிறகு மதிலடியில் என் குரல், கரகரப்பாக, என்னுடையதுதானா என்று சந்தேகமாக இருந்தது. பெயர் கேட்பது கணக்கில் இல்லை, நிக்காசியோவின் கேள்வி அடுத்ததுதான். "காலைல என்ன சாப்பிட்ட?" "ரொட்டி, பாலாடைக்கட்டி, வெங்காயம். வெங்காயம் முளைவிட்டிருந்துச்சு." கூட்டத்தில் வாத்தியார் தலையைக் குனிந்துகொண்டார். ரயில் ஓட்டுநர் தாடியைத் தடவி, "இந்த ஊர்ல யாரைக் கண்டா உனக்குப் பயம்?" என்றார். அரசரின் ஆள், வரிக்காரன், பேய், எல்லாவற்றுக்கும் பதில் வைத்திருந்தேன். "ஆளைக் கண்டு பயமில்ல. ஆத்தைக் கண்டுதான்" என்றேன். அவர் தலையசைத்தார். இன்னும் ஒன்று. ஒன்றே ஒன்று.

பிராக்ஸெதெஸ் பதினோரு பக்கத்தையும் மடியில் வைத்திருந்தாள், அதைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தாள். ஆடுகளைப் பற்றிக் கேள், மனசுக்குள் கெஞ்சினேன், முப்பத்தொன்று, அதில் நான்கு கறுப்பு, கழுதைக்காரனைக் கேள், ஃபோர்த்தூன். "உன் புருஷன் கடைசியா உன்கிட்ட என்ன சொன்னான்?" என்றாள். பதினோரு பக்கத்திலும் அது இல்லை. நிலவறைகளிலும் அது இல்லை, அங்கே அவன் எப்போதும் உள்ளே வந்துகொண்டே இருந்தான், வெளியே போனதை நான் பார்த்ததேயில்லை. கூட்டம் காத்திருந்தது. குடத்தின் கைப்பிடி உள்ளங்கையில் அழுத்துவதுபோல இருந்தது, இன்னொரு வருஷம்… வாய் தானாகத் திறந்தது. "விடியறதுக்கு முன்னாடி, ஆத்துல தண்ணி ஏறுதுன்னு ஆள் வந்து கூப்பிட்டாங்க. நானும் எழுந்தேன். அவன் சொன்னான், 'நீ தூங்கு, அடுப்புல ரெண்டு கட்டை போட்டுட்டுப் போறேன்'னு." ஆளுக்கு ஒரு கேள்வி என்பதுதான் விதி, ஆனால் பிராக்ஸெதெஸ் இன்னொன்று கேட்டாள், மெதுவாக, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "தூங்குனியா?" "தூங்கிட்டேன்" என்றேன்.

அவள் எழுந்தாள், பெஞ்சை இழுத்தார்கள், கதவு முனகியது, உள்ளேயிருந்து நாற்பது குரல் ஒன்றாகத் தோதா, தோதா என்று கூவின, மாரிவி மாவுக்கையோடு என்னைக் கட்டிக்கொண்டாள், "எங்கேருந்துடி புடிச்ச அதை, நிக்காசியோ கண்ணைத் தொடச்சுக்கிறார் பாரு!" எங்கிருந்து? படித்ததில்லை, யாரும் சொன்னதில்லை, கலிந்தோ சொன்னது, அவ்வளவுதான், கலிந்தோவுக்கு இப்போது ஒரு கடைசிச் சொல் இருக்கிறது, அது நல்ல சொல். தாடைப்பட்டை கட்டின தலையை லேசாகத் திருப்ப முடியாது, முழு உடம்போடுதான் திரும்ப வேண்டும், அப்படித் திரும்பியபோது கயிற்றுக்கு அந்தப்பக்கம் எலாடியோ தெரிந்தான். சுற்றிலும் எல்லோரும் கைதட்டிக்கொண்டிருந்தார்கள், அவன் தட்டவில்லை. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான், கேலிக்காகக் கழற்றியவன் முகம் மாதிரி இல்லை, தன் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டதுபோல இருந்தது. ஏன்? அவன் அப்படிச் சொன்னதேயில்லையே. அல்லது சொல்லியிருக்கிறானா, எப்போதாவது, டயர் கடை திறக்க ஆறு மணிக்குப் போகும்போது, நான் போர்வைக்குள்… நினைவில்லை, நான் தூங்கிக்கொண்டிருப்பேன். முழவு தொடங்கிவிட்டது, மாரிவி கையைப் பிடித்து உள்ளே இழுக்கிறாள், நான் பெயரோடு, குரலோடு, சிரித்துக்கொண்டே வளைவுக்குக் கீழே நடக்கிறேன், ஆனால் எலாடியோவோடு இருந்த அந்த வீட்டில் பதினான்கு குளிர்காலம், சன்னல் கண்ணாடியில் பனி உறைகிற காலைகள், நான் எழுந்து வரும்போது சமையலறை ஒருநாள்கூடக் குளிர்ந்திருந்ததில்லை, விறகடுப்பில் தணல் இருக்கும், தரைகூடக் கதகதப்பாகத்தான் இருந்தது, நான் ஒருநாளாவது அது எப்படி என்று…